குச்சி மனிதனைப் பார்த்து ஏன் அழுகை வருகிறது, அதை அம்மாவுக்குக் காட்டலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: டான் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் எடுத்த 'இட்ஸ் சச் எ பியூட்டிஃபுல் டே' என்ற அனிமேஷன் படத்தை ஒரு ராத்திரி தனியாகப் பார்த்தீர்கள், வட்டத் தலையும் நாலு கோடும் ஒரு தொப்பியும் மட்டுமே உள்ள ஓர் ஆளைப் பார்த்து, பெரிய நடிகர்கள் நடித்த மனநோய்ப் படங்களுக்கெல்லாம் வராத அழுகை வந்தது, அது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி இரண்டு வரியில், போகிற போக்கில் சொல்வது போல, தம்பிக்கு மனச்சிதைவு நோய் என்று மருத்துவர் சொல்லிவிட்டார், அம்மாவோ அதைச் சோம்பேறித்தனம் என்றுதான் நினைக்கிறார், இந்தப் படத்தைக் காட்டினால் புரிந்துகொள்வாரா என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் நீங்கள் உண்மையில் கேட்க வந்த கேள்வியாகப் படுகிறது. முதல் கேள்விக்குப் பதில் தெரியாமல் இரண்டாவதுக்குப் பதில் சொன்னால் தவறாகப் போய்விடும், அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

நான் மலேசியாவில், பினாங்கில் மனநல ஆலோசகராகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். மருந்து எழுதித் தருகிற மருத்துவர் இல்லை. படம் வரையவும் தெரியாது. என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் நோயாளியின் அம்மா, அப்பா, அக்கா, அண்ணன்மார்கள். அவர்களோடு உட்கார்ந்து சின்ன அனிமேஷன் படங்களைப் போட்டு, நடுவில் நிறுத்திப் பேசுவதை ஒரு பழக்கமாகவே வைத்திருக்கிறேன். உங்கள் தம்பியைப் பார்க்காமல் அவரைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன், படங்களைப் பற்றியும் குடும்பங்களைப் பற்றியும் சொல்ல முடியும்.

ஏன் அழுகை வந்தது என்பதில் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று உண்டு. ஒன்றுக்கு உயிர் இருக்கிறது என்று மனுஷ மூளை நம்ப மிகக் கொஞ்சமே போதும். 1944இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு குட்டிப் படம் செய்தார்கள். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம், கதவு திறந்து மூடுகிற ஒரு கட்டம், அவ்வளவுதான், முகமும் இல்லை, குரலும் இல்லை. பார்த்த 34 பேரிடம் என்ன நடந்தது என்று எழுதச் சொன்னபோது, ஒரே ஒருவர்தான் 'முக்கோணம் இப்படி நகர்ந்தது' என்று வடிவக் கணக்காக எழுதினார். மற்ற எல்லாரும் மிரட்டுகிறான், பயப்படுகிறாள், காப்பாற்றுகிறான் என்று கதையாகவே எழுதினார்கள். அந்தக் கதை படத்தில் வரையப்படவே இல்லை, பார்த்தவர்கள் கொண்டுபோய் வைத்தது. நீங்கள் அழுத படத்திலும் இதே வேலைதான் நடக்கிறது. பில் என்கிற அந்த ஆளின் முகத்தில் படிக்க எதுவும் இல்லை, அதனால் உங்களிடம் இருப்பதை எடுத்து நீங்களே அதில் வைக்கிறீர்கள். உங்களிடம் இருந்தது உங்கள் தம்பி.

இது வெளிநாட்டுக்காரர்கள் கண்டுபிடித்த உத்தி என்று நினைக்க வேண்டாம். அகப்பாட்டில் யாருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியம் விதியே வைத்திருக்கிறது, 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்று. தலைவி என்பார்கள், தோழி என்பார்கள், எந்த ஊர்த் தலைவி, என்ன பெயர், மூக்கு எப்படி இருக்கும் என்று ஒரு சொல் கிடையாது. புறப்பாட்டில் மன்னன் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் வரும், அங்கே அது வேண்டும். உள்ளுக்குள் நடப்பதைச் சொல்லும்போதுதான் பெயரும் முகமும் தடையாகிவிடுகின்றன என்று நம் ஆட்கள் எப்போதோ தெரிந்து வைத்திருந்தார்கள். கல்லூரியில் குறுந்தொகை படித்தபோது எனக்கு இது புரியவில்லை, குடும்பங்களோடு இந்தப் படங்களைப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் பிடிபட்டது.

அடுத்தது, நீங்கள் கேட்காதது, ஆனால் உங்கள் அம்மா விஷயத்தில் இதுதான் முக்கியம். நம் சினிமாவில் மனநோய் என்றால் என்ன காட்டுவார்கள்? கலைந்த தலை, வெறித்த கண், கால் சங்கிலி, காரணமில்லாத சிரிப்பு, கடைசியில் ஓர் அடி விழுந்ததும் தெளிவு. நடிகர் என்றால் ஏதாவது செய்தே ஆக வேண்டும், சும்மா உட்கார்ந்திருந்தால் நடிப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மனச்சிதைவு நோயில் வீட்டுக்காரர்களை நாள் கணக்கில், வருடக் கணக்கில் தேய்ப்பது கத்தலும் ஓட்டமும் கிடையாது. குரல் கேட்பது, யாரோ பின்தொடர்வதாக நம்புவது, இவையெல்லாம் மருந்தில் பலருக்கு ஓரளவு அடங்கிவிடும். அடங்காமல் மிச்சம் நிற்பது அந்த வெறுமை. குளிக்கத் தோன்றாது, பேச்சு குறைந்துவிடும், முகத்தில் சிரிப்பும் வராது கோபமும் வராது, மத்தியானம் வரை படுக்கை. இதுவும் நோயின் பகுதிதான், இதில் மருத்துவ உலகத்துக்குச் சந்தேகமே இல்லை. மருந்தின் மந்தமும் சில சமயம் மேலே சேர்ந்துகொள்ளும், அதைத் தனியாக மருத்துவரிடம் கேட்க வேண்டும். இந்த வெறுமையைத்தான் அம்மா சோம்பேறித்தனம் என்கிறார். அவரைக் குறை சொல்லவே முடியாது, அவர் பார்த்த எந்தப் படமும், கேட்ட எந்தக் கதையும் நோய் இப்படியும் இருக்கும் என்று சொன்னதில்லை. இங்கே சேட்டை செய்த பிள்ளைகளை 'தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவேன்' என்று மிரட்டித்தானே வளர்த்தார்கள்? அந்த ஊர் மனநல மருத்துவமனை திறந்தது 1911இல், அதன் பெயர் கூட மாறிவிட்டது, ஊர்ப்பெயர் மட்டும் இன்னும் வசைச்சொல்லாகவே நிற்கிறது. அந்தச் சொல்லுக்குள் இருப்பது கத்துகிற, அடிக்கிற ஆள். உங்கள் வீட்டு அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற தம்பி அதற்குள் அடங்கவே இல்லை.

கோட்டுருவம் அந்த வெறுமையைத் தாங்கும். பில் ஒன்றும் செய்யாமல் நிற்பான், பார்க்க அலுக்காது. அந்தப் படம் 2006, 2008, 2011 என்று மூன்று குறும்படங்களாக வந்து 2012இல் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது, மொத்தமே 62 நிமிடம். கணினியில் ஒட்டிச் செய்ததில்லை, காகிதத்தில் வரைந்து 35 மில்லிமீட்டர் ஃபிலிம் கேமராவில் எடுத்தது, திரையில் நடக்கிற மாயமெல்லாம் கேமராவுக்குள்ளேயே நடந்தது. திரையின் பெரும்பகுதி கறுப்பாகவே இருக்கும், நடுவில் ஓர் ஓட்டை போட்டது போலப் படம் தெரியும். பில்லுக்குக் குழப்பம் ஏற ஏற இரண்டு மூன்று ஓட்டைகள் ஒரே நேரத்தில் திறக்கும், சத்தங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும், எதைக் கேட்பது, எதை விடுவது என்று உங்களுக்கே தெரியாமல் போகும். கதை சொல்கிற குரலோ, ஹெர்ட்ஸ்ஃபெல்ட்டின் சொந்தக் குரல்தான் அது, ஏற்ற இறக்கமே இல்லாமல் பழம் வாங்குவதையும் சாவையும் ஒரே தொனியில் சொல்லிக்கொண்டு போகும். அழு என்று அந்தக் குரல் எங்கேயும் கேட்காது. மேற்கத்திய செவ்வியல் இசை பல இடங்களில் தூக்கிவிடுகிறது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், உங்கள் அழுகையில் இசைக்கும் நல்ல பங்கு உண்டு.

பில்லுக்கு என்ன நோய் என்று படம் எங்கேயும் சொல்வதில்லை. மனச்சிதைவு என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், மூளைக்கட்டி என்கிறவர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது எந்த நோயின் பாடமும் கிடையாது, நினைவு கழன்று போகிற ஒரு மனிதனின் கதை, அவ்வளவே. 'இதைத்தான் தம்பி அனுபவிக்கிறான்' என்று அம்மாவிடம் சொல்லிப் போட்டுக் காட்டினால் அது உண்மையாகாது. முன்னால் சொன்ன முக்கோணக் கதையை மறுபடி நினைத்துப் பாருங்கள், படத்தின் வெற்று முகத்தில் நீங்கள் கண்டது உங்கள் துக்கம், உங்கள் பயம். அது மதிக்க வேண்டியதுதான், அதற்காக அது தம்பியின் அனுபவமாகிவிடாது. அவருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய அவரிடம்தான் கேட்க வேண்டும். இத்தனை வருடத்தில் நான் பார்த்த குடும்பங்களில் இந்த ஒரு கேள்வியை நிதானமாகக் கேட்டவர்கள் குறைவு. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, இதைத் தாண்டி 'இப்ப உனக்கு எப்படி இருக்கு' என்று கேட்டு, பதில் வரும்வரை பொறுத்திருந்தவர்கள் மிகக் குறைவு.

உங்கள் அம்மாவைப் போன்றவர்களோடு பேச நான் எடுத்துக்கொள்கிற படம் வேறு. ஜெரமி க்ளாபன் என்ற பிரெஞ்சுக்காரர் 2008இல் எடுத்த 'ஸ்கிசைன்', 13 நிமிடம்தான். ஹென்றி என்ற ஆளை விண்கல் ஒன்று தாக்குகிறது, அதிலிருந்து அவன் இருக்க வேண்டிய இடத்துக்குச் சரியாக 91 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறான். நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலிக்குப் பக்கத்தில் காற்றில் உட்கார்ந்திருப்பான், தொலைபேசியை எடுத்தால் அது அவன் கையில் இருக்காது, 91 சென்டிமீட்டர் தள்ளித் தொங்கும். பாவம், அவன் தோற்றுப்போய் உட்காரவில்லை, எந்தப் பொருள் தனக்கு எங்கே இருக்கிறது என்று சாக்பீஸால் தரையிலும் சுவரிலும் கோடு போட்டுக்கொண்டு எப்படியாவது அன்றாடத்தை நடத்தப் பார்க்கிறான். இந்த இடத்தில் நான் எப்போதும் நிறுத்துவேன். நிறுத்தி ஒன்றும் விளக்க மாட்டேன், காத்திருப்பேன். பட்டர்வொர்த் பக்கத்திலிருந்து வந்த ஓர் அப்பா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, 'அப்போ ஒரு தட்டை எடுத்து வைக்கவே இவனுக்கு இவ்வளவு கணக்குப் போட வேண்டியிருக்கா' என்றார். தன் மகனை அவர் அதுவரை ஒரு நாளில் பத்துத் தடவையாவது மெதுவா இருக்கே என்று திட்டியிருப்பார். நோயைப் பற்றி அவருக்கு அன்று புதிதாக எதுவும் தெரியவில்லை, மகனின் மெதுவுக்குள் உழைப்பு இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. எனக்கு அது போதும்.

ஏன் போதும் என்கிறேன் என்றால், வீட்டில் விழுகிற திட்டுக்கு மருத்துவக் கணக்கே உண்டு. 1960களிலும் 70களிலும் லண்டனில் ஜார்ஜ் பிரௌனும், பிறகு கிறிஸ்டீன் வானும் ஜூலியன் லெஃபும் செய்த ஆய்வுகளில், ஓயாத குறைகூறலும் வெறுப்பும், அளவு மீறித் தலையிட்டுக் காப்பதும் உள்ள வீடுகளுக்குத் திரும்பிப் போன நோயாளிகளுக்கு நோய் மறுபடி முற்றுவது அதிகமாக இருந்தது. பிறகு பல நாடுகளில் பல தடவை சோதித்து உறுதிப்பட்ட விஷயம் இது. இதை அம்மாவிடம் சொல்லும்போது ரொம்ப ஜாக்கிரதை. குடும்பத்தால் நோய் வந்தது என்று அந்த ஆய்வுகள் சொல்லவில்லை. வந்த நோய் எப்படிப் போகும் என்பதில் வீட்டுக் காற்றுக்கும் பங்கு உண்டு என்றுதான் சொல்கின்றன. 'என்னாலதான் வந்துச்சா' என்ற கேள்வி எல்லா அம்மாவின் வாயிலும் தயாராக நிற்கும், முதலில் 'இல்லம்மா' என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

இனி சந்தேகமான பக்கம். படம் பார்த்தால் மனநோய் உள்ளவர்கள் மேல் பார்வை மாறுமா? நான் பார்த்த சில குடும்பங்களில் மாறியது, அது அத்தாட்சி ஆகாது. பேட்ரிக் காரிகனும் கூட்டாளிகளும் 14 நாடுகளில் நடந்த 72 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். பெரியவர்களிடம் பாடம் நடத்துவதைவிட, அந்த நோயோடு வாழ்கிற ஒருவரைச் சந்திக்க வைப்பதுதான் அதிகப் பலன் தந்தது, அதுவும் வீடியோவில் பார்ப்பதைவிட நேரில் பார்ப்பது. ஆக உங்கள் அம்மாவுக்கு எந்தப் படத்தையும்விட, இதே நிலையில் பிள்ளை உள்ள இன்னோர் அம்மாவோடு ஒரு மணி நேரப் பேச்சு அதிகம் செய்யும். மருத்துவமனை மனநலப் பிரிவில் குடும்பங்கள் சந்திக்கிற கூட்டம் ஏதும் நடக்கிறதா என்று அடுத்த அப்பாயின்மென்ட்டில் கேட்டுப் பாருங்கள், தமிழ் பேசுகிற குடும்பம் ஒன்றாவது இருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது, பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். காதில் குரல் கேட்பது எப்படி இருக்கும் என்று ஹெட்போன் மாட்டி உணரவைக்கிற பயிற்சிகள் உண்டு. அவற்றைப் பற்றிய ஆய்வுகளை 2011இல் ஒரு குழு தொகுத்துப் பார்த்தபோது, பங்கெடுத்தவர்களுக்கு இரக்கம் கூடியிருந்தது, கூடவே அப்படிப்பட்டவர்களிடமிருந்து விலகியிருக்கும் எண்ணமும் கூடியிருந்தது. உள்ளே போய்ப் பார்த்துவிட்டுப் பயந்து வெளியே வருவது நடக்கக்கூடியதுதான். ஹெர்ட்ஸ்ஃபெல்ட் படத்தின் நடுப்பகுதியில் சத்தமும் வெளிச்சமும் ஏறுகிற இடங்கள் உங்கள் அம்மாவுக்கு இப்படி ஆகிவிடலாம் என்று எனக்குப் பயம், ஏனென்றால் அவருக்கு அது கலையாகத் தெரியாது, மகனின் தலைக்குள் இருப்பதாகத் தெரியும். அதோடு அந்தப் படத்தின் பலமே அந்த ஆங்கிலக் குரலில் இருக்கிறது, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி மொழிபெயர்த்தால் குரலும் போய்விடும், அம்மாவின் கவனமும் போய்விடும். அதனால் உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: அந்தப் படம் உங்களுக்கு, அம்மாவுக்கு வேண்டாம். அவருக்கு 'ஸ்கிசைன்' காட்டுங்கள், அதிலும் பேச்சு உண்டு, ஆனால் 91 சென்டிமீட்டர் கண்ணாலேயே புரியும், முதலில் தமிழில் இரண்டு வரி சொல்லிவிட்டால் போதும். முடிவு கனமானது, நீங்கள் முன்னாடியே தனியாகப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தோன்றினால் சாக்பீஸ் கோடு போடுகிற இடத்தோடு நிறுத்துங்கள். விளக்கம் சொல்லாதீர்கள், அம்மா என்ன சொல்கிறார் என்று கேளுங்கள், ஒன்றும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, மறுநாள் சமைக்கும்போது ஏதாவது கேட்பார்.

உங்களுக்காக இன்னொன்று. பிரிட்டனில் ஆண்டி க்ளின் 2003இல் தொடங்கிய 'அனிமேட்டட் மைண்ட்ஸ்' என்ற குறும்பட வரிசை. அவர் உளவியல் படித்தவர். மனநோயோடு வாழ்கிறவர்களே பேசிய ஒலிப்பதிவுக்கு மேல் படம் வரைந்து சேர்த்தார்கள், ஒவ்வொன்றும் சில நிமிடம்தான். முகம் தெரியாமல் உண்மைக் குரல் கேட்பதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது, பேசுகிறவர் நாளைக்குக் கடைக்குப் போகும்போது யாரும் அடையாளம் காண மாட்டார்கள். நம் சமூகத்தை யோசித்துப் பாருங்கள், பினாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போனால் பாதிப் பேர் சொந்தம், மீதிப் பேர் தெரிந்தவர்கள். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் 16 வயதைத் தாண்டியவர்களில் 4.6 விழுக்காடு பேருக்கு, ஏறக்குறைய பத்து லட்சம் பேருக்கு, மனச்சோர்வு. அது மனச்சோர்வு மட்டும். இத்தனை பேர் இருந்தும் தமிழில் ஒரு குரலைக்கூட நாம் பொதுவில் கேட்பதில்லை. இங்கே அனிமேஷன் படிக்கிற நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஒரு குரலும் பத்துக் கோடும் போதும், இதை யாராவது தமிழில் செய்ய மாட்டார்களா என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

கடைசியாக தம்பி. எதைக் காட்டுவதாக இருந்தாலும், அம்மாவோடு இப்படி ஒரு படம் பார்க்கப் போகிறேன், உனக்குச் சம்மதமா என்று முதலில் அவரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், இது அவருடைய நோய், அவருடைய கதை. அவரும் பார்க்கலாமா என்றால், நோய் முற்றியிருக்கும்போதோ, மருத்துவமனையிலிருந்து இப்போதுதான் வந்திருக்கிறார் என்றாலோ கூடாது, திரையில் வருவது தனக்கு அனுப்பிய செய்தி என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. நிதானமாக இருக்கிற நாளில், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பார்க்கலாம். அப்போதும் உங்களுக்கு வந்த அழுகை அவருக்கு வரும் என்று காத்திருக்காதீர்கள். ஹைடர், சிம்மல் செய்தது போன்ற நகரும் முக்கோணப் படங்களை மனச்சிதைவு உள்ளவர்கள் பலர் வேறு விதமாக விவரிக்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவர் 'இப்படியெல்லாம் இல்ல' என்று சொன்னால் அதைவிட நல்லது எதுவும் இல்லை, 'அப்ப எப்படி இருக்கும்' என்று உடனே கேட்டுவிடலாம். படம் பார்த்த பிறகோ வேறு எப்போதோ, வாழப் பிடிக்கவில்லை என்பது போல அவர் ஏதாவது சொன்னால், படத்தை விட்டுவிட்டு அதை மட்டும் பேசுங்கள், தயங்காமல் நேரடியாகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆபத்து என்று தோன்றினால் தனியாக விடாமல் நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டப்பிரிவை 2023இல் நீக்கிவிட்டார்கள், அதனால் போலீஸ் வருமோ என்று வீட்டில் யாரும் மறைக்கத் தேவையில்லை. பேச யாராவது வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555, அவருக்கு மட்டும் இல்லை, நீங்களும் கூப்பிடலாம்.